எழுத்தில்லாத மாத்திரைப் பெட்டி

அத்தியாயம் 11

மாமனாரின் நெற்றியில் மூன்று தையல். "என் கல்யாணச் சட்டைக்குக்கூடத் தையல்காரன் இவ்வளவு நெருக்கமா போடல" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். வீட்டில் இருந்த இரண்டு பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

ஒருவர் மாமியார். போன வாரம் கணவருக்குக் காலை மாத்திரைக்குப் பதிலாக ராத்திரி மாத்திரையைக் கொடுத்தவர் அவர்தான். ராத்திரி மாத்திரைகளில் தூக்கத்துக்கானது ஒன்று உண்டு. அதை விழுங்கிவிட்டுக் குளிக்கப் போன மனிதர், கண் செருகிச் சரிந்து குளியலறை நிலைப்படியில் மோதிக்கொண்டார். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் தையலோடு விட்டுவிட்டார்கள்.

இன்னொருத்தி மருமகள். தனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பது அவளுக்கே இன்று காலையில்தான் தெரிந்தது.

மருமகளுக்கு டிசைன் நிறுவனம் ஒன்றில் வேலை. பெட்டிகளின் மேல், பாட்டில்களின் மேல், பொட்டலங்களின் மேல் என்ன இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது. வேலை மட்டும் என்றால் அது அலுவலகத்தோடு முடிந்துவிடும். இவளுக்கு அது பித்து. லிஃப்டில் ஏறினால், கதவைத் திறக்கிற அம்புக்குறியும் மூடுகிற அம்புக்குறியும் ஏன் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய மாடியைக் கோட்டை விடுவாள். வாடகைக் காரில் போனால், பெட்ரோல் மூடி வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் குட்டி முக்கோணத்தை ஓட்டுநருக்கே காட்டிக்கொடுத்து அசரவைப்பாள். ஷாம்பூ பொட்டலத்தின் ஓரத்தில் கிழிப்பதற்கென்றே இருக்கிற சின்னக் கீறலைத் தடவிப் பார்த்து, "இதை யோசிச்சவருக்குச் சிலை வைக்கணும்" என்பாள்.

நாத்தனார் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'லேபிள்'.

இந்தப் பித்துக்கு அந்த வீட்டில் கூட்டு ஒருவர்தான், மாமியார். தேயிலை டப்பா காலியானால் கழுவித் துடைத்து எடுத்து வைப்பார். "இந்தக் குருவியோட வாலைப் பாரேன், அதையே வளைச்சு எழுத்தாக்கிட்டான். உனக்குப் பிடிக்கும்னு எடுத்து வெச்சேன்" என்பார். பெற்ற மகளோடு பேசியதைவிட மருமகளோடு டப்பாக்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் என்று மாமனார் கேலி செய்வார்.

அப்படிப்பட்ட மாமியார், மாமனாரின் மாத்திரைகளை மட்டும் இரண்டு பழைய பிஸ்கட் டின்களில் வைத்திருந்தார். மேலே பிளாஸ்திரியை ஒட்டி, தடித்த பேனாவால் 'காலை', 'ராத்திரி' என்று எழுதியிருந்தார். துரு வேறு. பார்க்கும்போதெல்லாம் மருமகளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும்.

அந்த டின்களுக்குப் பதிலாக அவள் செய்தவைதான் இரண்டு பெட்டிகள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஓரங்களெல்லாம் மழுங்கி, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஒன்று இளம்பச்சை, அது காலைக்கு. மற்றது இளநீலம், அது ராத்திரிக்கு. ஒரு எழுத்துகூடக் கிடையாது. முதலில் வரைந்ததில் மூடியின் மேல் பெரிய சூரியனும் நிலாவும் இருந்தன. 'இதை யார் வேணும்னாலும் போடுவாங்க' என்று அவளே அழித்துவிட்டாள். நிறம் மட்டும் பேசினால் போதும். அதுதான் அழகு.

"சோப்பு மாதிரி வழுவழுன்னு இருக்கு" என்று மாமியார் அவற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிஸ்கட் டின்கள் அன்றே குப்பைக்குப் போயின. மாதிரிப் பெட்டிகளை அலுவலகத்தில் பார்த்த முதலாளியம்மா கண் விரிய, ஒரு மருந்து நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் இன்று வருகிறார்கள்.

இன்று காலை, மாமியார் படுக்கையறையில் தலையணை உறைகளை மாற்றிக்கொண்டிருந்தார். கைகொடுக்கப் போன மருமகள் பார்த்தாள். கட்டிலில் ஒரு தலையணை பச்சை, இன்னொன்று நீலம். மிச்சம் இருந்த ஒரு பச்சையையும் ஒரு நீலத்தையும் ஜோடியாக மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார் மாமியார்.

"அத்தை, ஜோடி மாறிப்போச்சு."

"எது?"

"உறைதான். ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம்."

மாமியார் குனிந்து பார்த்தார். ஒன்றை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். மற்றதையும் தூக்கிப் பிடித்தார்.

"ரெண்டும் சாம்பல்தானேம்மா?"

மருமகள் அவர் கையிலிருந்த உறையை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"வெளுத்த துணியில என்ன பச்சை, என்ன நீலம்" என்று மாமியாரே சொல்லிக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "பாரு, இதுவும் எனக்குத் தெரியல. உங்க அண்ணி சொல்றது சரிதான் போல. மூளை மழுங்கிட்டு வருது."

அந்த உறைகள் வெளுத்த துணி இல்லை. போன மாதம்தான் வாங்கியவை.

வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற வில்லை மஞ்சளடிக்கும். பச்சை, நீலம் இரண்டிலும் வெளிர்நிறங்கள்தான் முதலில் கலங்கிப்போகும். மருமகளுக்கு இது புதுச் செய்தி இல்லை. படிக்கிற காலத்தில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடந்தது. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியவள்.

கையில் இருந்த உறையை அவள் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். 'அத்தை, மூளை இல்ல, கண்ணு' என்று சொல்ல வாய் வந்தது.

அதற்குள் நாத்தனார் உள்ளே வந்துவிட்டார்.

நாத்தனார் பள்ளித் தலைமையாசிரியை. வீட்டுக்குள் நடந்தாலும் வராந்தாவில் சத்தம் போடும் வகுப்பைத் தேடி நடப்பது மாதிரிதான் நடப்பார். அப்பா விழுந்த செய்தி கேட்டு லீவு போட்டு வந்தவர், வந்த அன்றே மாத்திரைகளையெல்லாம் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஞாபக மறதிக்குன்னே பார்க்கிறவர். லேபிள், நீ ஆபீஸ்ல இருந்து நேரா அங்க வந்துடு."

"சரி அண்ணி."

"அவர் என்ன சொன்னாலும் சரி, நாளைக்கு நான் அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போறேன். அம்மா இங்கேயே இருக்கட்டும். என் வீட்ல ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல பார்த்துக்க முடியாது. தம்பிகிட்ட பேசிட்டேன், அவனும் தலையாட்டிட்டான்."

தம்பி, அதாவது மருமகளின் கணவன், தலையாட்டுவதில் கெட்டிக்காரன். தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது மனைவியின் காதில், "அக்காகிட்ட யாரால பேச முடியும், அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு நழுவியிருந்தான்.

"அவரை விட்டுட்டு நான் இருந்ததே இல்லையேடி" என்றார் மாமியார். வாதாடுகிற குரல் இல்லை. பொருளின் விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைக்கிறவர்களின் குரல்.

"அம்மா, அடுத்த தடவை மூணு தையலோட போகுமா?"

மாமியார் தலையணையை நேராக வைத்தார். "வேண்டாம்டி. கூட்டிட்டுப் போ. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. ராத்திரி எழுந்து கேஸை மூடினேனான்னு பார்க்கிறேன். பார்த்துட்டு வந்து, பார்த்தேனான்னு யோசிக்கிறேன்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். மருமகள் சொல்லவில்லை.

தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். பெட்டி வந்து எத்தனையோ நாளாயிற்று. நிறம் தெரியாமலா அத்தனை நாளும் அத்தை சரியாகக் கொடுத்தார்? அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தவறியது என்றால் மறதியாகவும் இருக்கலாமே. டாக்டர்தான் பார்க்கப் போகிறாரே. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்குக் காலையில் அந்தப் பெட்டியைப் பற்றி வாயைத் திறந்தால், மத்தியானம் அதே பெட்டியை நாலு பேர் முன்னால் எந்த முகத்தோடு தூக்கிக் காட்டுவது?

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் மாமனார் செய்தித்தாளைக் கீழிறக்கி, "இன்னிக்கு உன் பெட்டிக்குப் பரீட்சையாமே. ஜெயிச்சுட்டு வா" என்றார். நெற்றிக் கட்டு, நிமிர்ந்தபோது வெள்ளையாகத் தெரிந்தது. "சரி மாமா" என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள்.

*

அலுவலகத்தில் பெரிய திரை. திரை முழுக்க அவளுடைய பெட்டிகளின் புகைப்படம். ஜன்னல் கட்டையின் மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். காலை வெயில் சாய்வாக விழுந்து, ஓரங்கள் மெழுகு மாதிரி மினுங்கின.

"பாருங்க, எழுத்தே இல்ல. ஆனா பேசுது" என்றார் முதலாளியம்மா. கறாரான பெண்மணி. பாராட்டு என்பதை மருந்து மாதிரி அளந்து கொடுப்பவர். இன்று பாட்டிலையே கவிழ்த்துக்கொண்டிருந்தார். "இவ சூரியன், நிலான்னு எதையும் போடல. போடாம விட்டா பாருங்க, அங்கதான் நிக்கிறா."

மருந்து நிறுவனத்திலிருந்து வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடி, அந்தச் சின்ன 'டிக்' சத்தத்தைக் கேட்டுப் புன்னகைத்தார்.

"அழகா இருக்கு. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். வயசானவங்க யாராவது இதைப் பயன்படுத்திப் பார்த்தாங்களா?"

முதலாளியம்மா அவளைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்லயே பயன்படுத்துறோம் சார். என் மாமனாருக்கு, மாமியார்தான் எடுத்துக் கொடுப்பாங்க."

"எப்படி இருக்காம்?"

"நல்லா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"அப்புறம் என்ன வேணும்?" என்று அதிகாரி பெட்டியைக் கீழே வைத்தார். எழுந்துகொண்டே திரையைப் பார்த்தார். "படம் பிரமாதம்மா. இந்த வெளிச்சம் ஸ்டுடியோவுல வராது. எங்க எடுத்தீங்க?"

"எங்க வீட்டு ஜன்னல்ல. போன வாரம், காலையில..."

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு.

போன வாரம், காலையில். எந்தக் காலை என்று அவளுக்கு நினைவு வந்தது. மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்த காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சமையலறை அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்து ஜன்னலில் வைத்தாள். பச்சையை வலது பக்கம் வைத்தால் வெளியே தெரிகிற செடியோடு சேர்ந்து நன்றாக இருந்தது. எடுத்தாள், மாற்றி வைத்து எடுத்தாள், குனிந்து எடுத்தாள். முடிந்ததும் அப்படியே அள்ளிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மாமனார் உள்ளே போக நடந்தார். அப்புறம்தான் அந்தச் சத்தம்.

திரையைப் பார்த்தாள். இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை.

அலமாரியில் காலைப் பெட்டி எப்போதும் இடது பக்கம்தான் இருக்கும். அங்கே வைத்தது மாமியார். தினமும் எடுத்த இடத்திலேயே, ஒரு நூல் பிசகாமல் வைப்பதும் அவர்தான். அவர் நிறத்தைப் பார்த்துக் கொடுக்கவே இல்லை. இடத்தைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் செய்து கொடுத்த அழகான பெட்டி தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று வெளியே காட்டிக்கொள்ளாமல், தானாக ஒரு வழி பண்ணிக்கொண்டு, பிசகாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை மாற்றி வைத்தது யார்?

"நாளைக்கே அச்சு வார்க்க அனுப்பிடலாம்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ கைகுலுக்கினார்கள். முதலாளியம்மா முதுகில் தட்டினார். மருமகள் சிரித்தாள். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சிவப்புப் புள்ளி வெந்நீருக்கு, நீலப் புள்ளி குளிர்ந்த தண்ணீருக்கு. இதைப் பற்றிக்கூட ஒரு நாள் மாமியாருக்கு மூச்சுவிடாமல் விளக்கியிருக்கிறாள். மாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளி அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

*

டாக்டரின் காத்திருப்பு அறையில் மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரிதான் இருந்தார். நாத்தனார் வரவேற்பு மேஜைப் பெண்ணிடம், எத்தனை பேருக்குப் பிறகு என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மாமியார் அவள் பக்கம் சாய்ந்தார். "பெட்டி என்னாச்சு?"

"பிடிச்சிருக்காம்."

"எனக்குத் தெரியும்" என்று அவள் முழங்காலைத் தட்டினார். "நல்ல பொருளை வெச்சுக்கிட்டே தப்புப் பண்ணேனே, என்னைச் சொல்லணும்."

மருமகள் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"ஏய், ஒண்ணு செய். அஞ்சு பொருளோட பேரைச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொல்வாங்களாம். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. நீ ஒரு தடவை கேளேன். உங்க அண்ணிகிட்ட கேட்டா மார்க் போட்டுடுவா."

"எதுக்கு அத்தை..."

"கேளும்மா. உள்ள போய் அசடு வழியக் கூடாது."

மருமகள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சீப்பு, சாவி, மணி, குடை, தட்டு."

மாமியார் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

எதிரே கழிவறைகளின் இரண்டு கதவுகள். ஒன்றில் பித்தளையில் ஒரு முக்கோணம், இன்னொன்றில் அதே முக்கோணம் தலைகீழாக. எது ஆண், எது பெண் என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் மருமகள் இதைப் படம் எடுத்து, சிரித்து, நாலு பேருக்கு அனுப்பியிருப்பாள்.

பெரியவர் ஒருவர் கதவுகளின் முன்னால் தயங்கி நின்றார். ஒன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது. போன வேகத்தில் வெளியே வந்தவர், "மன்னிச்சுக்கங்க, தப்பு என்னோடதுதான். இப்பல்லாம் எதையும் கவனிக்கிறதில்ல" என்று மூடிய கதவிடம் சொன்னார். பிறகு அறையில் இருந்த எல்லோரிடமும் பொதுவாக ஒரு தரம் சொன்னார். கழிவறைக்கே போகாமல் மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணை எங்க வெச்சுட்டு நடக்கிறாங்களோ" என்றார் திரும்பி வந்த நாத்தனார்.

"அவர் என்னடி பண்ணுவார், பாவம்" என்றார் மாமியார். "கதவுல புரியிற மாதிரி போட்டிருந்தா அவர் ஏன் அங்க போறார்? போட்டவனை விட்டுட்டு அவரைப் போய்ச் சொல்றியே."

மருமகள் எழுந்து நின்றாள். எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"அண்ணி, அத்தைக்கு மறதி இல்ல."

"என்ன?"

"அன்னிக்குத் தப்பு நடந்தது என்னால. அத்தை கண்ணுக்குப் பச்சையும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியுது. அந்த மாத்திரைப் பெட்டியில பச்சை எது, நீலம் எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. இடம் பார்த்துத்தான் கொடுத்துட்டு இருந்தாங்க. இடது பக்கம் காலை, வலது பக்கம் ராத்திரி. அன்னிக்குக் காலையில போட்டோ எடுக்கிறதுக்குப் பெட்டியை எடுத்துட்டுப் போனேன். திருப்பி வைக்கும்போது மாத்தி வெச்சுட்டேன்."

நாத்தனாரின் குரல் வாழ்க்கையில் முதல் முறையாகத் தாழ்ந்திருந்தது. "போட்டோ எடுக்கவா?"

"வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

அதைச் சொன்னதும் அது எப்படிப்பட்ட பதில் என்பது புரிந்து, மருமகள் தரையைப் பார்த்தாள்.

"எங்கப்பா நெத்தியில மூணு தையல்" என்றார் நாத்தனார். "வெளிச்சம் நல்லா இருந்துச்சாம்."

மாமியார் கைக்குட்டையைப் பிரித்து மடியில் வைத்து நீவினார். அவர் முகத்தில் நிம்மதி வரும், ஒரு பாரம் இறங்கும் என்று மருமகள் எதிர்பார்த்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் மாமியார்.

"பெட்டியை மாத்தி வெச்சது மத்தியானம்தான் அத்தை ஞாபகம் வந்தது. சத்தியமா..."

"கண்ணு விஷயம்?"

மருமகளுக்குப் பொய் சொல்ல இன்றைக்கு இன்னொரு வாய் இல்லை. "காலையில. தலையணை உறை மாத்தும்போது."

"அப்போ, நான் கேஸ் கதையைச் சொல்லும்போது உனக்குத் தெரியும்."

மருமகள் தலையசைத்தாள்.

"எனக்கே என்மேல நம்பிக்கை இல்லன்னு சொன்னேனே. நீ பக்கத்துலதானே நின்ன? கையில உறையை வெச்சுக்கிட்டு."

"ஆமா அத்தை."

வெள்ளை உடை அணிந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அடுத்தது நீங்க வாங்கம்மா."

"இனிமே எதுக்கும்மா? வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார் நாத்தனார்.

"வந்தாச்சு. பார்த்துட்டே போறேன். யார் வாயாலயாவது கேட்டுக்கிறேன்." மாமியார் எழுந்தார். கைகொடுக்க நீண்ட மருமகளின் கையைப் பார்த்தார், பிடித்துக்கொள்ளவில்லை. "சீப்பு, சாவி, மணி, குடை, தட்டு. எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்குத்தான் காலையில தெரிஞ்சதைச் சொல்ல சாயங்காலம் வரைக்கும் ஞாபகம் வரல."

இரண்டடி நடந்தவர் நின்றார். "அந்தப் பெட்டி இனிமே எத்தனை வீட்டுக்குப் போகும்?"

"நிறைய வீட்டுக்கு."

"அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பா இல்ல?"

கதவு மூடிக்கொண்டது. நாத்தனார் நாற்காலியின் ஓரத்தில் அமர்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள்தான் மாத்திரைகள் இருந்தன. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மருமகள் வராந்தாவுக்குப் போய் முதலாளியம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லும்மா, நட்சத்திரமே."

"அம்மா, பெட்டியை அச்சுக்கு அனுப்பாதீங்க. அதுல தப்பு இருக்கு. வயசானவங்களுக்கு அந்த ரெண்டு நிறமும் ஒண்ணாத்தான் தெரியும்."

மறுமுனையில் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு மூடி, அமைதி.

"வீட்ல பயன்படுத்துறோம், நல்லா இருக்குன்னு சொன்னது நீதானே?"

"பொய்ம்மா. என் மாமியார் மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டாங்க. மாமா விழுந்து நெத்தியில தையல். அங்க உட்கார்ந்து நல்லா இருக்குன்னு சொல்லும்போது அது எனக்குத் தெரியும்."

முதலாளியம்மாவின் குரல் தட்டையாக வந்தது. கோபத்தைவிட அது மோசமாக இருந்தது.

"நாளைக்கு அவங்களைத் திரும்ப வரச்சொல்றேன். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இப்ப என்கிட்ட சொன்னதை அவங்க முன்னாடி நீயே சொல்லு. அதுக்கப்புறம் உனக்கு இங்க இடம் இருக்கா இல்லையான்னு பார்க்கலாம்."

இணைப்பு அறுந்தது.

மாமியார் வெளியே வர நேரமாயிற்று. கூடவே டாக்டரும் வாசல்வரை வந்தார். இளவயதுக்காரர், சிரித்த முகம். "அம்மாவுக்கு என்னைவிட ஞாபகசக்தி ஜாஸ்தி" என்றார். "கண்ணுலதான் புரை. ரெண்டு கண்ணுலயும். கண் டாக்டருக்கு எழுதித் தர்றேன். சின்ன ஆபரேஷன்தான், பயப்பட ஒண்ணும் இல்ல."

நாத்தனார் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டதை அங்கே எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். "மன்னிச்சுடும்மா. அப்பா எங்கேயும் போக வேண்டாம். ரெண்டு பேரும் எப்பவும் போல இங்கேயே இருங்க."

மருமகள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"இல்லடி" என்றார் மாமியார். "உங்கப்பா உன்னோடதான் வரட்டும். நானும் வர்றேன்."

"அம்மா?"

"ரெண்டு பேரைப் பார்த்துக்க முடியாதுன்ன. இப்ப நான் பார்த்துக்கிறவதானே, பார்க்கப்படுறவ இல்லையே. அவரை நான் பார்த்துக்கிறேன். கண் ஆபரேஷனும் அங்கேயே பண்ணிக்கிறேன்."

"அத்தை" என்றாள் மருமகள்.

மாமியார் அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மருமகள் காலில் விழுந்திருப்பாள்.

"மாத்தி வெச்சது கை தவறினது. அது யாருக்கும் வரும். ஆனா நீ காலையில என் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்ன. அந்த வீட்டு அடுப்பங்கரையில இனிமே உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தெரியும். கொஞ்ச நாள் நான் பார்க்காம இருக்கேன்."

வாடகைக் கார் வந்து நின்றது. தாயும் மகளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் கண்ணாடியை இறக்கி, "நாங்க போய்ப் பெட்டி படுக்கையைக் கட்டுறோம். நீ பின்னாடி வா" என்றார். 'லேபிள்' என்று கூப்பிடவில்லை.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மருமகளின் கைபேசி அடித்தது. கணவன். தொழிற்சாலையின் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"டெஸ்ட் என்னாச்சு? அம்மாவுக்கு மறதிதானாமா?"

"இல்ல. மறதி இல்லையாம்."

"அப்பாடா. அப்போ அப்பா போக வேண்டியதில்ல. அக்கா ஒத்துக்கிட்டாளா?"

"மாமா போறார். அத்தையும் போறாங்க."

இரைச்சல் குறைந்தது. அவன் எங்கோ சுவர் ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும். "அம்மாவா? ஏன்? நீ கூடத்தானே இருந்த? என்ன நடந்தது?"

அன்று பகல் முழுவதும் அவள் பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசாமல் இருந்திருக்கிறாள். மருத்துவமனை வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"நீ ஃபோனை வெச்சுடாம முழுசா கேளு" என்றாள். "நடுவுல என்னை நல்லவளாக்க ஏதாவது சொன்னேன்னா, அங்கேயே நிறுத்து."